கம்பாலாவில் மருத்துவக் காப்பீடு: பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

கம்பாலாவில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். குளூ, அருவா, ம்பராரா என்று வெளியூர்களுக்கு வசூலுக்குப் போவதால் மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான். உகாண்டாவுக்குத் தொழில் செய்ய வருகிறவர்கள் விசா, வாடகை, வங்கிக் கணக்கு என்று எல்லாம் விசாரிப்பார்கள். உடம்புக்கு முடியாமல் போனால் என்ன செய்வது என்பதை மட்டும் கடைசியில்தான் கேட்பார்கள். அதனால் நான் பயன்படுத்திய காப்பீடுகளைப் பற்றி எழுதுகிறேன்.

ஊரில் டிக்கெட்டோடு சேர்த்து எடுக்கும் டிராவல் இன்சூரன்ஸ் சுற்றிப் பார்க்க வருபவருக்கானது. பெரும்பாலான பாலிசிகள் 180 நாளோடு முடிந்துவிடும். சுகர், பிரஷர் ஏற்கெனவே இருந்தால் உயிருக்கு ஆபத்தான கட்டத்தைத் தவிர எதற்கும் பணம் வராது. ஒர்க் பெர்மிட் வாங்கிக் குடியிருப்பவர் இதை நம்பி இருக்கக் கூடாது.

அடுத்தது உள்ளூர் கம்பெனி பாலிசி. அன்றாடத் தேவைக்கு இதுதான் எனக்கு மிகவும் உதவியது. அட்டையை நீட்டினால் பெரிய தனியார் மருத்துவமனைகளில் டாக்டர், ரத்தப் பரிசோதனை, மருந்து எல்லாம் நடந்துவிடும். இங்கே காய்ச்சல் என்றால் முதலில் மலேரியாதான் பார்ப்பார்கள். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம், கொஞ்ச நேரத்தில் ரிசல்ட். பாசிட்டிவ் என்றால் கோஆர்டெம் என்ற மலேரியா மருந்து: பெரியவர்களுக்கு வேளைக்கு நான்கு மாத்திரை, மூன்று நாளில் ஆறு வேளை, மொத்தம் 24. முதல் வேளைக்கும் இரண்டாவதுக்கும் எட்டு மணி நேர இடைவெளி. வெறும் வயிற்றில் போட்டால் மருந்து சரியாக உடம்பில் சேராது. பாலோ கொழுப்புள்ள சாப்பாடோ கூட வேண்டும். மூன்றாவது வேளையிலேயே காய்ச்சல் விட்டுவிடும், அதோடு நிறுத்திவிடாதீர்கள். இங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்கு மலேரியாவைத் தாங்கும் சக்தி ஓரளவு இருக்கிறது, நமக்கு இல்லை. கடைப் பையன் இரண்டு நாள் படுத்து எழுந்துவிட்டான் என்று நாமும் படுத்திருக்கக் கூடாது. இன்னொன்று, இங்கிருந்து ஊருக்குப் போன சில வாரங்களில் காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் ஆப்பிரிக்காவிலிருந்து வந்ததாக முதலில் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் அங்கே டெங்கு டெஸ்ட்டோடு நின்றுவிட வாய்ப்பிருக்கிறது.

மூன்றாவது, பெரிய செலவுக்காக எடுத்த சர்வதேசப் பாலிசி. ப்ரீமியம் கனமானது. குடல்வால் ஆபரேஷனுக்கு நான் அட்மிட் ஆனது ஒரு வெள்ளிக்கிழமை இரவு. மருத்துவமனையில், செலவைக் காப்பீட்டுக் கம்பெனி ஏற்கும் என்ற உத்தரவாதக் கடிதம் வேண்டும், இல்லையென்றால் டெபாசிட் கட்டுங்கள் என்றார்கள். காப்பீட்டுக் கம்பெனியின் உதவி எண் வேறொரு நாட்டில் இருந்தது. அவர்கள் என் பழைய மருத்துவ ரெக்கார்டு எல்லாவற்றையும் கேட்டார்கள். கடிதம் வருவதற்குள் நண்பர்கள் பணம் புரட்டிக் கட்டிவிட்டார்கள். பல மாதம் மின்னஞ்சல் அனுப்பி, முழுத் தொகையும் திரும்ப வந்தது. பணம் கொடுப்பதில் நேர்மையான கம்பெனி, ஆனால் வலியில் துடிக்கிற நேரத்தில் உதவிக்கு வரவில்லை. பாலிசி எடுக்கும் முன் ப்ரீமியத்தைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது இதுதான்: கம்பாலாவில் எந்தெந்த மருத்துவமனையோடு நேரடி ஒப்பந்தம் இருக்கிறது? வார இறுதி இரவில் கடிதம் எத்தனை மணி நேரத்தில் வரும்? பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வெளியூர் ரோட்டில் அலைபவர்களுக்கு ஏர் ஆம்புலன்ஸ் சந்தா தனியாக அவசியம். நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து இயங்கும் ஆம்ரெஃப் ஃப்ளையிங் டாக்டர்ஸ் ஆண்டுச் சந்தா தருகிறார்கள். அந்த அமைப்பு 1957-இல் தொடங்கியது. சந்தா உங்களைத் தூக்கிக்கொண்டு போவதற்கு மட்டும்தான். போய்ச் சேர்ந்த மருத்துவமனையின் பில் வேறு. இதுவரை எனக்குத் தேவைப்படவில்லை, ஆனாலும் ஒவ்வொரு வருடமும் புதுப்பிக்கிறேன். இங்கே நான் மலேரியாவைவிடப் பயப்படுவது இரவு நேர ரோட்டையும் போடா போடா என்கிற வாடகை பைக்கையும்தான்.

தினசரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவலைப்பட வேண்டாம். இந்திய மருந்துகள் இங்கே தாராளமாகக் கிடைக்கின்றன. பிராண்டு பெயர் மாறலாம் என்பதால் மாத்திரையில் உள்ள மருந்தின் பெயரைச் சீட்டில் எழுதி வையுங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைச் சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போட்டுக்கொள்ளலாம். பயணத்துக்குப் பத்து நாள் முன்பாவது போட வேண்டும். சான்றிதழ் ஆயுளுக்கும் செல்லும்.

முதலாளிகளிடம் ஒரு வார்த்தை. நமக்கும் குடும்பத்துக்கும் பாலிசி எடுத்துவிடுகிறோம். ஊரிலிருந்து கான்ட்ராக்டில் கூட்டி வருகிற அக்கவுன்டன்ட், ஸ்டோர் கீப்பர் பையன்களில் பலருக்கு எதுவுமே இல்லை. காய்ச்சல் வந்தால் சம்பளத்தில் பிடிப்பார்கள் என்று பயந்து ரூமிலேயே படுத்துக்கிடக்கிறார்கள். அந்தத் தாமதம்தான் மலேரியாவை மூளை வரை கொண்டுபோகிறது. உள்ளூர் பாலிசியில் ஒரு ஆளைச் சேர்க்க வருடத்துக்கு ஆகும் செலவு, அவரைக் கூட்டி வர நாம் செய்யும் பெர்மிட், டிக்கெட் செலவுக்குப் பக்கத்தில் கூட வராது. அடுத்த புதுப்பித்தலில் அவர்கள் பெயரையும் சேருங்கள், அட்டையை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள்.