நிக்கான் டி90 கேமராவிலிருந்து டி7100: கடலூர் உப்புக்காற்றில் மூன்று வருடம்

லென்ஸைக் கையில் வாங்கி, பின்பக்கம் டார்ச் அடித்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்த்தவுடனேயே அந்த மெக்கானிக் கேட்டார், "தம்பிக்கு ஊரு கடலோரமா?" கடலூர் என்றேன். "அதான்" என்று லென்ஸை என் பக்கம் திருப்பினார். உள்ளே கண்ணாடியில் சிலந்தி வலையை நூல் நூலாகப் பிரித்துப் போட்ட மாதிரி பூஞ்சை. 2010-இல் நிக்கான் டி90-யோடு சேர்த்து வாங்கிய 18-105 ஜூம் லென்ஸ் அது. பதினொரு வருடமாகத் துணிப்பையில், பீரோவின் அடித்தட்டில் கிடந்தது, எடுத்தால் எடுப்பேன் இல்லையென்றால் மாதக்கணக்கில் தொடமாட்டேன். சுத்தம் செய்ய 2,500 கேட்டார், கோட்டிங்கை அரித்திருந்தால் தடம் போகாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிட்டார். அதே லென்ஸ் செகண்ட் ஹேண்டில் ஆறேழாயிரத்துக்குக் கிடைக்கும்போது எதற்கு என்று திரும்பி வந்துவிட்டேன்.

இது 2021 மழைக்காலம். உண்மையைச் சொன்னால் எனக்கு வருத்தத்தைவிட சந்தோஷம்தான் அதிகம், கேமரா மாற்ற நல்ல சாக்கு கிடைத்துவிட்டதே. வீட்டில் பேசி 40,000 வரை அனுமதி வாங்கினேன்.

டி90 மோசமான கேமரா இல்லை. 2008-இல் வந்தது, 12.3 மெகாபிக்சல், பகல் வெளிச்சத்தில் இன்றைக்கும் அது எடுக்கும் படத்தை ஏ3 அளவில் பிரிண்ட் போடலாம். பிரச்சினை பொழுது சாய்ந்த பிறகுதான். கல்யாண மண்டபம், பாடலீசுவரர் கோயில் பிராகாரத்தில் சாயங்காலம், இங்கெல்லாம் ஐஎஸ்ஓ, அதாவது ஒளியுணர்வு அளவு, 1600-ஐத் தாண்டினால் படம் மணல் தூவிய மாதிரி ஆகிவிடும். ஃபோகஸ் புள்ளிகளும் மொத்தம் 11, பறக்கிற பறவை ஓரத்தில் போனால் அவ்வளவுதான்.

புதுச்சேரி லாஸ்பேட்டையில் இருக்கும் மச்சினன், "எல்லாத்தையும் வித்துட்டு மிரர்லெஸ் வாங்குங்க மாமா, இன்னும் எத்தனை நாளைக்கு இந்த டப்பாவைத் தூக்கிட்டு அலையப் போறீங்க" என்றான். உள்ளே கண்ணாடி இல்லாத புதுவகைக் கேமராவைச் சொல்கிறான். அவன் சொன்னதில் தப்பில்லை, ஆனால் என்னிடம் 50 எம்எம் எஃப் 1.8 டி லென்ஸ் ஒன்று இருந்தது. அந்த பழைய டி வகை லென்ஸுக்குள் மோட்டார் கிடையாது, கேமராவுக்குள் இருக்கும் மோட்டார்தான் ஒரு திருகு வழியாக அதைச் சுற்றி ஃபோகஸ் செய்யும். நிக்கான் மிரர்லெஸ்ஸில் எஃப்டிஇசட் என்ற இணைப்பு அடாப்டர் போட்டு இதை மாட்டலாம், ஆனால் அந்த அடாப்டரிலும் மோட்டார் இல்லை, கையால்தான் ஃபோகஸ் செய்ய வேண்டும். ஆக பாடி, அடாப்டர், புது லென்ஸ் என்று கணக்குப் போட்டால் என் பட்ஜெட் இரண்டு மடங்கைத் தாண்டியது. மச்சினனைப் போல எல்லோரும் மிரர்லெஸ்ஸுக்குப் போவதால்தான் உள்ளே கண்ணாடி வைத்த பழைய டிஎஸ்எல்ஆர் கேமராக்களின் விலை இறங்கிக் கிடக்கிறது, அதில் நாம் பிழைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

2022 தொடக்கத்தில் சென்னையில் ஒரு கல்யாண போட்டோகிராஃபரிடம் டி7100 பாடி மட்டும், அதாவது லென்ஸ் இல்லாமல், 23,500-க்கு வாங்கினேன். பஸ் ஏறுவதற்கு முன்னால் ஒரு படம் எடுத்து ஒரிஜினல் ஃபைலை ஈமெயிலில் அனுப்பச் சொன்னேன். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வந்தால் ஷட்டர் இதுவரை எத்தனை முறை விழுந்திருக்கிறது என்ற எண்ணிக்கை எல்லாம் போய்விடும், ஈமெயிலில் வந்த ஃபைலில் 38,000 என்று இருந்தது. இந்த மாடலின் ஷட்டரை நிக்கான் 1,50,000 வரை சோதித்திருக்கிறது, அதனால் கவலைப்படவில்லை. நேரில் போய் லென்ஸ் துவாரத்தை எஃப் 16 வரை சுருக்கி வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன், சென்சாரில் இரண்டு தூசு, எண்ணெய்ப் பொட்டு எதுவும் இல்லை. பேரம் பேசினேன், ஒரு ரூபாய்கூட இறங்கவில்லை மனிதர்.

முதல் மாதம் சப்பென்று போனது. தேவனாம்பட்டினம் சில்வர் பீச்சில் சூரியன் கடலிலிருந்து எழும்பும் நேரம், அதே பூஞ்சை பிடித்த 18-105-ஐ மாட்டி எடுத்தால் படம் முழுக்கப் பால் ஊற்றிய மாதிரி வெளுப்பு. டி7100-இல் 24.1 மெகாபிக்சல், அதோடு சென்சாருக்கு முன்னால் வழக்கமாக இருக்கும், படத்தைக் கொஞ்சம் மென்மையாக்கும் லோ பாஸ் ஃபில்டரை எடுத்துவிட்டார்கள், அதனால் லென்ஸில் என்ன குறை இருந்தாலும் பளிச்சென்று காட்டிக்கொடுக்கும். டி90-யில் நன்றாகத் தெரிந்த ஓரங்கள் இதில் குழைந்த சாதமாகத் தெரிந்தன. பாடியை மாற்றியது முட்டாள்தனம், லென்ஸை முதலில் மாற்றியிருக்க வேண்டும் என்று அன்றைக்குக் கரையில் உட்கார்ந்துதான் உறைத்தது.

மூன்று மாதம் கழித்து டாம்ரான் 17-50 எஃப் 2.8, மோட்டார் இல்லாத பழைய வகை, 11,000-க்கு வாங்கினேன். என் பணத்துக்குக் கிடைத்த உண்மையான மாற்றம் இதுதான். ஃபோகஸ் செய்யும்போது காபிக்கொட்டை அரைக்கிற மாதிரி சத்தம் போடும், வீடியோவுக்கு ஆகாது. ஆனால் 2.8 வரை துவாரம் அகலமாகத் திறக்கும் என்பதால் மண்டபத்தில் ஃபிளாஷ் இல்லாமல் சமாளிக்க முடிகிறது. இன்னொரு லாபம், இதற்கும் 18-105-க்கும் முன்னால் மாட்டும் ஃபில்டர் அளவு ஒன்றுதான், 67 எம்எம், அதனால் பிரதிபலிப்பைக் குறைக்கும் பழைய போலரைசர் ஃபில்டர் வீணாகவில்லை. வந்த புதிதில் ஃபோகஸ் கொஞ்சம் முன்னால் விழுந்தது. பிஸ்கட் பாக்கெட்டுகளைச் சாய்வாக வரிசையில் அடுக்கி, நடுப் பாக்கெட்டைக் குறிவைத்து எடுத்துப் பார்த்து, ஃபோகஸ் விழும் இடத்தைத் திருத்தும் ஏஎஃப் ஃபைன் ட்யூனில் +8 வைத்த பிறகு சரியானது. டி90-யில் அந்த வசதியே கிடையாது, அதில் இந்த லென்ஸை மாட்டியிருந்தால் லென்ஸைத்தான் திட்டியிருப்பேன்.

50 எம்எம் பற்றிச் சொல்ல நிறைய இல்லை. ஃபிலிம் அளவைவிடச் சிறிய இந்த சென்சாரில் 75 எம்எம் மாதிரி வேலை செய்யும், முகங்களுக்கு அருமை. துவாரத்தின் அளவை மாற்றும் அபெர்ச்சர் வளையத்தை 22-இல் வைத்துப் பூட்ட வேண்டும், இல்லையென்றால் திரையில் எஃப்இஇ என்று காட்டி ஷட்டர் விழாது. எனக்கு ஒருமுறை குழந்தையின் காதுகுத்தில் நடந்தது, ஐந்து நிமிடம் வியர்த்துவிட்டது. டி3000, டி5000 வரிசை வைத்திருப்பவர்கள் விலை குறைவு என்று இதை வாங்கிவிடாதீர்கள், அவற்றுக்குள் மோட்டார் இல்லை. உங்களுக்கு 35 எம்எம் எஃப் 1.8 ஜி சரியாக இருக்கும்.

மூன்று வருடத்தில் டி7100-இல் எனக்கு எரிச்சல் தருவது பஃபர், கார்டில் எழுதும்வரை படங்களை வைத்துக்கொள்ளும் தற்காலிக இடம். புதுச்சேரி பக்கத்து ஊசுட்டேரியில் கூழைக்கடா ஒன்று தண்ணீரை உதைத்துக்கொண்டு எழும்பியது, விடாமல் அழுத்தினேன், சென்சார் பதிவு செய்ததைச் சுருக்காமல் வைக்கும் ரா ஃபைலில் ஆறு படம், அப்புறம் கேமரா மூச்சு வாங்க ஆரம்பித்துவிட்டது, பறவை ஏரியின் அந்தக் கரைக்கே போய்விட்டது. இப்போது பறவைக்கு என்றால் ஜேபெக்தான். இரண்டாவது குறை, இருட்டான இடத்தைக் கணினியில் ரொம்ப வெளிச்சமாக்கினால் கோடு கோடாக வரும். கடலூர் துறைமுகத்தில் விடியற்காலையில் படகுகளை எடுக்கும்போது இதில் மாட்டிக்கொண்டேன், வானம் வெளுத்தாலும் பரவாயில்லை என்று கொஞ்சம் வெளிச்சம் கூட்டி எடுப்பதுதான் வழி. மற்றபடி 51 ஃபோகஸ் புள்ளிகள், இரண்டு கார்டு போடும் வசதி, ஐஎஸ்ஓ 3200 வரை தைரியமாகப் போகலாம். பேட்டரி டி90-யோடு ஒத்துப்போகாது, அதற்குத் தனிச் செலவு. ஒரு ரா ஃபைல் 28 எம்பி அளவில் இருப்பதால் ஹார்டு டிஸ்க் ஒன்று 4,500-க்கு வாங்க வேண்டியதானது, அத்தோடு வீட்டில் கொடுத்த அனுமதி தீர்ந்தது.

சரி, பூஞ்சை விஷயத்துக்கு வருகிறேன். டாம்ரானும் இதே பீரோவில் இருந்து இதே கதிக்குத்தானே போகும்? பாத்திரக்கடையில் ரப்பர் வளையம் வைத்த பெரிய பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல் ஒரு கிலோ, ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர், எல்லாம் சேர்த்து 1,400 ரூபாய். மீட்டரை முதலில் பீரோவுக்குள் வைத்துப் பார்த்தேன், 81 காட்டியது. டப்பாவில் 40-லிருந்து 50-க்குள் வைத்திருக்கிறேன். நீல மணிகள் ரோஸ் நிறமானால் வறுக்க வேண்டும், நம் ஊர் வெயிலில் காயவைத்தால் காற்றிலிருக்கும் ஈரத்தைத் திரும்பக் குடித்துக்கொள்ளும். சிறு தீயில் இரும்புச் சட்டியில் வறுப்பேன். அம்மா அந்தச் சட்டியைச் சமையலறையிலிருந்தே தள்ளிவைத்துவிட்டார், அதுவும் நல்லதுதான், அந்த நீலச் சாயம் வயிற்றுக்கு ஆகாது. சிலர் அரிசிக்குள் புதைத்து வைக்கச் சொல்வார்கள், தவிடும் தூசும் லென்ஸ் இடுக்கில் போய் உட்காரும், வேண்டாம்.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயல் அடித்தபோது இரண்டு நாள் கரண்ட் இல்லை, சுவரெல்லாம் வேர்த்தது, டப்பாவுக்குள் மீட்டர் 48-ஐத் தாண்டவில்லை. புயல் ஓய்ந்த அடுத்த வாரம் மச்சினன் தன் லென்ஸ் இரண்டையும் கொண்டுவந்து, "மாமா, கொஞ்ச நாளைக்கு" என்று டப்பாவில் வைத்துவிட்டுப் போனான். இன்னும் எடுத்துப் போகவில்லை.

டி90-ஐ 4,000-க்குக் கேட்டார்கள், கொடுக்கவில்லை. மாசிமகத்தன்று சாமிகள் தீர்த்தவாரிக்குத் தேவனாம்பட்டினம் கரைக்கு வரும்போது அலைச்சாரலும் கூட்டமும் மணலுமாக இருக்கும், அங்கே டி7100-ஐத் தூக்கிப் போக எனக்கு மனசில்லை. டி90-யும் பூஞ்சை லென்ஸும்தான் போகும், சூரியனுக்கு முதுகைக் காட்டி எடுத்தால் வெளுப்பு தெரியாது. அந்த லென்ஸ் மட்டும் டப்பாவுக்கு வெளியே, தனியாக. டி90-யின் பிடி ரப்பர் உப்பி எழும்பிவிட்டது, சைக்கிள் கடை சொல்யூஷன் தடவி ஒட்டியிருக்கிறேன், போன மாசிமகத்தில் நனைந்தும் பிடித்துக்கொண்டுதான் இருந்தது.