இம்பல்ஸ் முதல் எக்ஸ்பல்ஸ் 210 வரை: மதுரை மண்ணுக்கு எந்த வண்டி?

மதுரையிலிருந்து ஐம்பது கிலோமீட்டருக்குள் நாலு வகைத் தரை கிடைக்கிறது. திருமங்கலம் தாண்டி கள்ளிக்குடி, பேரையூர் பக்கம் கரிசல். மேலூர் பக்கம் செம்மண்ணும் பாறையும். நாகமலை அடிவாரத்தில் சக்கரத்துக்கு அடியில் உருண்டு ஓடும் சரளை. வறண்ட மாதங்களில் வைகைப் படுகையில் மணல். இத்தனைக்கும் நடுவில் ஒரு பக்கம் நீரும் மறுபக்கம் சரிவுமாகக் கண்மாய்க்கரைகள். இங்கே ஓட்ட ஒரு மண்பாதை வண்டி வாங்க நினைப்பவர் குதிரைத்திறனை அப்புறம் பார்க்கலாம். கீழே சாய்ந்தால் ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்த முடியுமா என்பதை முதலில் பார்க்க வேண்டும். ஹீரோவின் மண்பாதை வண்டி பதினான்கு ஆண்டுகளில் எப்படி மாறியது என்பதை அந்தக் கண்ணோடுதான் இங்கே எடை போடுகிறோம்.

2011இல் வந்த இம்பல்ஸ் 149.2 சிசி, கார்புரேட்டர், ஐந்து கியர், 13.2 பிஎஸ் (குதிரைத்திறன் அளவு). எடை 134 கிலோ. ஹோண்டாவை விட்டுப் பிரிந்த கையோடு ஹீரோ இறக்கிய முதல் வண்டிகளில் இதுவும் ஒன்று. பிரேசிலில் ஓடிய ஹோண்டா என்எக்ஸ்ஆர் 150 ப்ராஸின் உடன்பிறப்பு என்றே சொல்லலாம். முன் சக்கரம் 19 அங்குலம், பின் சக்கரம் 17. கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி, 245 மில்லிமீட்டர். இந்த அளவுகள் எல்லாம் இன்றைக்கும் மண்ணுக்கு ஏற்றவை. நெடுஞ்சாலையில்தான் சக்தி போதாமல் திணறும். ஆனால் 13.4 நியூட்டன் மீட்டர் இழுவையும் எஞ்சின் நிமிடத்துக்கு 5000 சுற்று சுற்றும்போதே கிடைத்துவிடுவதால், கண்மாய்க்கரை ஏற்றத்தில் கிளட்சை அரைகுறையாகப் பிடித்துக்கொண்டு எஞ்சினை அலறவிட வேண்டிய தேவை இல்லை. சந்தை அதை அப்போது புரிந்துகொள்ளவில்லை. சில ஆண்டுகளில் விற்பனை நின்றுபோனது.

2019 மே மாதம் எக்ஸ்பல்ஸ் 200 வந்தது. கார்புரேட்டர் மாடல் 97,000 ரூபாய், ஃப்யூயல் இன்ஜெக்ஷன் மாடல் 1,05,000 ரூபாய், இரண்டும் டெல்லி ஷோரூம் விலை. முன்னால் 21 அங்குலம், பின்னால் 18 அங்குலம், இரண்டும் கம்பிச் சக்கரம். முன் சக்கரத்தைத் தாங்கும் 37 மில்லிமீட்டர் ஃபோர்க்கின் அசைவு 190 மில்லிமீட்டர், பின்னால் உள்ள ஒற்றை ஷாக் அப்சார்பரான மோனோஷாக்கின் அசைவு 170. 199.6 சிசி எஞ்சினில் 18.4 பிஎஸ், 17.1 நியூட்டன் மீட்டர். இன்ஜெக்ஷன் மாடலின் எடை 154 கிலோ. இத்தனை மாற்றங்களில் நம் ஊருக்கு உண்மையில் உதவியது 21 அங்குல முன் சக்கரம்தான். பாறை விளிம்பிலும் கரிசல் வெடிப்பிலும் சிறிய சக்கரம் இறங்கி மாட்டிக்கொள்ளும், பெரிய சக்கரம் அதன் மேலே உருண்டு போய்விடும். உழுத நிலத்தைக் குறுக்கே கடக்கும்போது இம்பல்ஸுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு ஹேண்டில் பாரிலேயே தெரியும்.

முதல் தலைமுறை எக்ஸ்பல்ஸ் 200இன் குறைபாடு, எஞ்சின் சூடேறுவது. சித்திரை வெயிலில், முதல் கியரில், காற்று படாத வேகத்தில் அரை மணி நேரம் மணலில் உழன்றால் காற்றால் மட்டுமே குளிரும் எஞ்சின் சூடேறி இழுவை தளர்ந்துவிடும். 2020இல் பிஎஸ்6 என்ற புகை விதிக்கு ஏற்ப வந்த மாடலில் ஆயில் கூலர் சேர்த்தார்கள். எடை 157 ஆனது, சக்தி 18.08 பிஎஸ் என்று சற்றுக் குறைந்தது. 2021 அக்டோபரில் 4வி என்ற பெயரில் வந்த நான்கு வால்வு எஞ்சின் அந்த இழப்பை ஈடுகட்டியது: 19.1 பிஎஸ், 17.35 நியூட்டன் மீட்டர், 158 கிலோ. கூலரின் மெல்லிய தகடுகளில் சேறு காய்ந்து அடைத்துக்கொண்டால் கூலர் இருந்தும் பயனில்லை. வாட்டர் சர்வீஸில் அழுத்தக் குழாயை அதற்கு நேராகப் பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும். வாளித் தண்ணீரில் ஊறவைத்து, மெல்லிய பிரஷால் மேலிருந்து கீழாகத் தேய்த்து எடுப்பதே சரி.

2023இல்தான் பெரிய பாய்ச்சல். பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸில் ரோடு, ஆஃப்ரோடு, ரேலி என்று மூன்று நிலைகள் வந்தன, ரேலியில் ஏபிஎஸ் முழுக்க அணைந்துவிடும். இதை விளம்பர அலங்காரம் என்று ஒதுக்கிவிடக் கூடாது. சரளை இறக்கத்தில் ஏபிஎஸ் முன் பிரேக்கை விட்டுவிட்டுப் பிடிக்கும், வண்டி நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்கும். முன் சக்கரம் கொஞ்சம் பூட்டிக்கொண்டு சரளையை முன்னால் குவித்தால்தான் அந்த இடத்தில் நிற்கும். தார்ச் சாலைக்குத் திரும்பியதும் மறக்காமல் ரோடு நிலைக்கு மாற்றிவிட வேண்டும்.

அதே ஆண்டு வந்த 4வி ப்ரோவில் ஃபோர்க்கின் அசைவு 250, பின் ஷாக்கின் அசைவு 220, கிரவுண்ட் கிளியரன்ஸ் 270. ஃபோர்க், பின் ஷாக் இரண்டும் முழுக்கத் திருகி அமைக்கக்கூடியவை. வரப்பு தாண்டும்போது இருக்கும் நிதானத்துக்குச் சாதாரண 4வி அருகில் வர முடியாது. ஆனால் சீட் உயரம் 891 மில்லிமீட்டர். சாதாரண மாடலில் 825தான். ஐந்தரை அடிக்குக் குறைந்தவர் ப்ரோவைக் கண்மாய்க்கரையில் நிறுத்தினால் சரிவுப் பக்கத்துக் கால் தரையைத் தொடாது, வண்டி அந்தப் பக்கமே சாயும். ஷோரூமின் சமதளத்தில் உட்கார்ந்து பார்த்து முடிவெடுப்பவர்கள் ஏமாறுவது இங்கேதான். ஒரு பக்கம் மேடாக இருக்கும் தெருவோரத்துச் சரிவில் நிறுத்தி, இரண்டு பக்கமும் கால் ஊன்றிப் பாருங்கள்.

ப்ரோ வாங்கியவர்கள் முதலில் செய்ய வேண்டியது சேக் (sag), அதாவது ஓட்டுபவரின் எடையில் பின்பக்கம் எவ்வளவு அமுங்குகிறது என்று அளப்பது. பின் சக்கரம் அந்தரத்தில் இருக்கும்படி வண்டியைத் தூக்கி, அச்சிலிருந்து அதற்கு நேர் மேலே பின் பாடியில் ஒரு புள்ளிக்கு டேப்பால் அளக்க வேண்டும். பிறகு பூட்ஸ், பை எல்லாவற்றோடும் ஏறி உட்கார்ந்து, இன்னொருவரை விட்டு அதே தூரத்தை அளக்கச் சொல்ல வேண்டும். இரண்டு அளவுக்கும் உள்ள வித்தியாசம் மொத்த அசைவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காக இருக்கட்டும்: ப்ரோவில் 70 மில்லிமீட்டரை ஒட்டி, சாதாரண 4வியில் 55ஐ ஒட்டி. இதைவிடக் குறைந்தால் வண்டி ஒவ்வொரு கல்லுக்கும் துள்ளும். கூடினால் பின்பக்கம் அமுங்கி முன் சக்கரம் மணலில் திசை பிடிக்காமல் மிதக்கும். ஷாக்கின் அசைவு வேகத்தைக் கட்டுப்படுத்தும் டாம்பிங் திருகுகளை மாற்றும் முன் முழுக்க மூடி எத்தனை கிளிக் என்று எண்ணி எழுதி வையுங்கள். பிறகு பழைய இடத்துக்கே திருப்பிவிட்டு, ஒரு நேரத்தில் ஒரு திருகை மட்டும், இரண்டு கிளிக் மட்டும் மாற்றிப் பாருங்கள்.

2025 ஜனவரியில் வந்த எக்ஸ்பல்ஸ் 210 தண்ணீரால் குளிரும் எஞ்சின், ஆறு கியர், 24.6 பிஎஸ், 20.7 நியூட்டன் மீட்டர். ஷோரூம் விலை 1.76 லட்சத்தில் தொடங்கியது. நான்குவழிச் சாலையில் திண்டுக்கல் வரை போய் சிறுமலையின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறுபவருக்கு இதுதான் வண்டி. 200இல் வேகம் தொண்ணூறு கிலோமீட்டரைத் தாண்டினால் கை மரத்துப்போகும் அதிர்வு இருக்கும், 210இல் ஆறாவது கியர் அதைத் தீர்த்துவிட்டது. ஸ்லிப்பர் கிளட்ச் இருப்பதால் இறக்கத்தில் கியர் குறைத்தால் பின் சக்கரம் துள்ளுவதில்லை.

ஆனால் எடை 168 கிலோ. இம்பல்ஸோடு ஒப்பிட்டால் 34 கிலோ கூடுதல், அதாவது 25 கிலோ அரிசி மூட்டை ஒன்றும் அதற்கு மேல் ஒன்பது கிலோவும். அதோடு இழுவையின் உச்சம் 7250 சுற்றில்தான் வருகிறது. மணலில் அந்தச் சுற்றில் பிடித்து வைப்பது பழகியவருக்கே வேலை. ரேடியேட்டருக்குக் கம்பி வலைக் காப்பு போடாமல் சரளைப் பக்கம் போகக் கூடாது. முன்னால் போகும் வண்டி எறியும் கல் ஒன்று போதும், கூலன்ட் முழுவதும் அங்கேயே வடிந்துவிடும். 200இல் இப்படி ஒரே கல்லில் பயணம் முடிந்துபோகும் வாய்ப்பு குறைவு.

எங்கள் தேர்வு 2023க்குப் பிந்தைய சாதாரண 4வி. அதில் செயின் ஓடும் பல்சக்கரமான முன் ஸ்ப்ராக்கெட்டை 13 பல்லிலிருந்து 12 பல்லுக்கு மாற்றினால், சுமார் எட்டு சதவீதம் கூடுதல் இழுவை எல்லா கியரிலும் கிடைக்கும். அதே அளவு வேகம் குறையும், அது மண்ணில் நட்டமே இல்லை. மாற்றியதும் செயின் தொய்வைச் சரிபார்க்க வேண்டும். மெக்கானிக்குகள் பலர் தார்ச் சாலை வண்டி மாதிரி இழுத்துக் கட்டிவிடுகிறார்கள். நீண்ட அசைவுள்ள வண்டியில், பின் சக்கரத்தைத் தாங்கும் கையான ஸ்விங் ஆர்ம் மேலேறும்போது செயின் இன்னும் இறுகும். இரண்டு பேர் உட்கார்ந்து பின் அச்சு, ஸ்விங் ஆர்ம் போல்ட், முன் ஸ்ப்ராக்கெட் மூன்றும் ஒரே கோட்டில் வரும்வரை அமுக்கிப் பார்த்தால், அந்த நிலையிலும் செயினில் விரலளவு ஆட்டம் இருக்க வேண்டும். இல்லையென்றால் கியர்பாக்ஸின் வெளி ஷாஃப்ட் பேரிங் அடி வாங்கும், அது எஞ்சினைப் பிரிக்கும் செலவு.

கவாசாகி கேஎல்எக்ஸ் 230ஐப் பற்றியும் கேட்கிறார்கள். 233 சிசி, எடை 139 கிலோதான், மண்ணில் எக்ஸ்பல்ஸ் மாடல்கள் எல்லாவற்றையும் விட இலகு. 2024 டிசம்பரில் 3.30 லட்சத்துக்கு வந்தபோது நம்மில் பெரும்பாலோருக்கு எட்டாத விலை, பிறகு நன்றாகவே இறங்கியது. டேங்க் 7.6 லிட்டர், எக்ஸ்பல்ஸுக்கு 13. சாப்டூர் பக்கம் மலையடிவாரம் போய்த் திரும்புபவர் பெட்ரோல் பங்க் எங்கே என்று கணக்குப் போட்டுத்தான் கிளம்ப வேண்டும்.

பழைய வண்டி வாங்குவோர் பார்க்க வேண்டியவை சில. முன் சக்கரத்தைத் தூக்கி ஹேண்டில் பாரை மெதுவாகத் திருப்பினால் நடுவில் ஒரு பள்ளத்தில் விழுவதுபோல் நின்றால் கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்துப் பேரிங்) போய்விட்டது. ஸ்போக்குகளை ஸ்பேனரால் தட்டினால் எல்லாம் ஒரே மாதிரி கிணுகிணுக்க வேண்டும், மந்தமாக ஒலிப்பது தளர்ந்த கம்பி. ஃபோர்க் குழாயில் எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தால் சீல் கிழிந்துவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். டஸ்ட் சீலை இறக்கிவிட்டுப் பழைய கேமரா ஃபிலிம் துண்டை உள்ளே நுழைத்துச் சுற்றி எடுத்தால் சிக்கிய மண் வெளியே வரும், பாதி வண்டிகளில் கசிவு அதோடு நின்றுவிடும். எஞ்சினுக்குக் கீழே உள்ள தகட்டைக் கழற்றி ஃபிரேம் குழாய் நசுங்கியிருக்கிறதா என்று பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது.

டயர் காற்று மண்ணில் 18 பிஎஸ்ஐ போதும். டயரை ரிம்மோடு இறுக்கிப் பிடிக்கும் ரிம் லாக் இல்லாமல் 15க்குக் கீழே போனால் டயர் ரிம்மில் வழுக்கி டியூபின் வால்வைப் பிய்த்துவிடும். ஈரக் கரிசலுக்கு எந்தக் காற்றும் உதவாது. ஸ்விங் ஆர்முக்கும் சக்கரத்துக்கும் நடுவே களி அடைத்துச் சக்கரமே சுற்றாது. மழை விட்டு இரண்டு நாள் வெயில் காய்ந்த பிறகு போங்கள்.

பஞ்சருக்குக் காரணம் பெரும்பாலும் சீமைக்கருவேல முள். அது டயரைத் துளைத்து முனை உடைந்து ரப்பருக்குள்ளேயே நின்றுவிடும், வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. டியூபை மட்டும் ஒட்டிப் போட்டால் அடுத்த ஐந்து கிலோமீட்டரில் அதே இடத்தில் மறுபடியும் காற்று இறங்கும். டயரின் உட்புறம் முழுக்கப் பழந்துணியால் துடைத்துப் பாருங்கள், துணி நூல் எங்கே இழுபடுகிறதோ அங்கே முள். குறடால் பிடுங்கி, டியூபில் முகப்பவுடர் தூவிப் போட வேண்டும். கூட எடுத்துப் போக 21 அங்குல டியூப் ஒன்று போதும். அவசரத்துக்கு அதை 18 அங்குலப் பின் சக்கரத்திலும் மடிப்பு விழாமல் திணித்து ஊர் வந்து சேரலாம், 18 அங்குல டியூபை 21இல் இழுத்து மாட்ட முடியாது.