வீட்டு பேக்கப்புக்கு யுஎஸ்பி ஹார்டு டிஸ்க்கா, நாஸ் சர்வரா?

செலவு: டிஸ்க் ஒருமுறை வாங்கினால் போதும். நாஸ் என்பது வீட்டு நெட்வொர்க்கில் எப்போதும் இணைந்திருக்கும் டிஸ்க் பெட்டி; அதற்குப் பெட்டி தனி, டிஸ்க்குகள் தனி. எந்நேரமும் 20 வாட் இழுத்தால் மாதம் சுமார் 14 யூனிட் மின்சாரம்.

வசதி: டிஸ்க்கை நீங்கள்தான் மறக்காமல் செருக வேண்டும். நாஸ் என்றால் எல்லார் போனிலிருந்தும் வைஃபையில் படங்கள் தானாக ஏறிவிடும்.

பாதுகாப்பு: இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நாஸில் ரெய்டு 1 (இரண்டு டிஸ்க்கிலும் ஒரே தரவை எழுதும் முறை) இருந்தால் ஒரு டிஸ்க் செத்தாலும் மற்றதில் எல்லாம் இருக்கும், சரி. ஆனால் தவறுதலாக ஒரு ஃபைலை அழித்தால் இரண்டிலும் அழியும். ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் தீய மென்பொருள்) புகுந்தாலும் அதே கதிதான். கழற்றி அலமாரியில் வைத்த டிஸ்க்கை அது நெருங்காது.

ஒரே லேப்டாப் என்றால் இரண்டு டிஸ்க் வாங்கி, ஒன்றை உறவினர் வீட்டில் வையுங்கள். நாலைந்து போன் உள்ள வீட்டுக்கு நாஸ்தான். கூடவே ஒரு யுஎஸ்பி டிஸ்க்கும் கட்டாயம்.