ஏழு பல்லும் சொத்தை என்றார்கள், மூன்று மாதச் சம்பளம் போனது: பல் வலியோடு கிளம்பும் முன் இதைப் படியுங்கள்

நான் ஏமாந்திருக்கிறேன் என்று இன்று மதியம்தான் உறுதியாகத் தெரிந்தது. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும். ஆறிப்போனால் போனது போகட்டும் என்று விட்டுவிடுவேன். பெயர் சொல்லப் போவதில்லை. பல கிளைகள் வைத்துக்கொண்டு, இலவசப் பரிசோதனை என்று விளம்பரம் போட்டு அழைக்கிற பல் மருத்துவமனை வகை, அவ்வளவு போதும். என்னென்ன பார்த்துச் செய்ய வேண்டும் என்பதைக் கடைசியில் விவரமாகச் சொல்கிறேன்.

கீழ்த்தாடையில் இடது பக்கம் பெரிய கடைவாய்ப் பல். பல வருடங்களுக்கு முன் அடைத்தது. ஒரு நாள் இரவு சாப்பிடும்போது நறுக்கென்று சத்தம். நாக்கால் தடவினால் உள்பக்கச் சுவரையே காணோம், கூரான விளிம்பு ஒன்று நாக்கைக் கீறுகிறது. அடைப்புக்கு அடியிலேயே சொத்தை பரவி, பல்லை வெறும் கூடாக்கியிருந்தது. அன்றிலிருந்து குளிர்ந்த தண்ணீர் பட்டால் சுரீரென்று பிடிக்கும் வலி ஐந்து நிமிடம் விடாது. படுத்தால் காது வரை விண் விண் என்று தெறிக்கும். மூன்று இரவு தூக்கம் இல்லை. நான்காம் நாள் காலை யார் கூப்பிட்டிருந்தாலும் போயிருப்பேன். அந்த நிலையில்தான் அங்கே போனேன்.

பேனா பருமனில் ஒரு கேமராவை வாய்க்குள் விட்டார்கள். எதிர்ச் சுவரில் பெரிய திரை. ஒவ்வொரு பல்லும் உள்ளங்கை அகலத்துக்குத் தெரிந்தது. உடைந்த பல் குகை மாதிரி இருந்தது. சரி, அது எனக்கே தெரியும். அப்புறம் கேமரா மெதுவாக நகர்ந்தது. மற்ற பற்களின் குழிகளில் கறுப்புக் கோடுகள், பழுப்புப் புள்ளிகள். "இதைப் பாருங்க மேடம். இதுவும். இந்தப் பக்கம் இதுவும்." இன்னும் ஆறு பற்கள். அவை வலிக்கவே இல்லையே என்றேன்.

அந்த இளம் டாக்டர் கையுறையைக் கழற்றினார். ஸ்டூலை என் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். சீட்டின் பின்பக்கத்தில் பல்லைப் படமாக வரைந்து, மேலே சின்னதாக ஒரு புள்ளி, உள்ளே பெரிதாக ஒரு வட்டம் போட்டார். "வெளியே இவ்வளவுதான் தெரியும், உள்ளே இப்படி இருக்கும். உடைஞ்ச பல்லும் முதல்ல வலிக்கலைதானே? எங்க அம்மாவா இருந்தா இன்னைக்கே ஆரம்பிச்சிடுவேன்."

அந்த ஒரு வார்த்தையில் விழுந்துவிட்டேன். இப்போது யோசித்தால் வயிறு எரிகிறது, ஏனென்றால் அவர் சொன்னதில் பாதி உண்மை. பல்லின் வெளி ஓடான எனாமலுக்கு நரம்பு கிடையாது, சொத்தை அங்கே இருக்கும்வரை வலிக்காது. அதற்குள்ளே இருக்கும் டென்டின் எனாமலைவிட மென்மையானது, எனவே வெளியே சின்னத் துளையும் உள்ளே பெரிய பள்ளமுமாக இருப்பதும் உண்டு. ஆனால் என் ஆறு பற்களில் அப்படி நடந்திருக்கிறதா என்று அவர் சோதிக்கவே இல்லை. தட்டிப் பார்க்கவில்லை, குளிர் வைத்துப் பார்க்கவில்லை. வாய் முழுவதற்குமாக ஒரே ஒரு எக்ஸ்ரே எடுத்து, திரையில் ஒரு கணம் காட்டி மூடிவிட்டார். படம் காட்டினார், படத்தையே பரிசோதனை என்று நான் நம்பிவிட்டேன்.

பக்கத்து அறையில் ஒரு பெண், கணக்குப் போடுபவர். ஏழு பல்லுக்கும் ரூட் கெனால், அதாவது நரம்பை எடுத்து வேர்க் குழாய்களை மருந்தால் அடைப்பது. அதன் மேல் உறையாக மாட்ட ஏழு கேப். மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி, அதுவும் அன்று சாயங்காலம் வரைதான். என் மூன்று மாதச் சம்பளம். தாடையைக் கையில் பிடித்துக்கொண்டு அவர்கள் நீட்டிய தாளில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன், கார்டைக் கொடுத்தேன். வீட்டுக்காரரிடம் ஒரு போன் பண்ணிக் கேட்டிருக்கலாம். பண்ணவில்லை.

உடைந்த பல்லை அன்றைக்கே செய்தார்கள். ரூட் கெனால் செய்யும்போது எச்சில் உள்ளே போகாமல் இருக்கப் பல்லைச் சுற்றி ரப்பர் திரை மாட்ட வேண்டும் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர்கள் மாட்டவில்லை. கழுவும் மருந்து தொண்டை வரை வழிந்தது, பிளீச்சிங் பவுடர் வாடை அடித்தது, துப்புவதற்கு இரண்டு முறை எழுந்தேன். அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது என்றார்கள். மறு வாரம் மேல்வரிசையில் இரண்டு பற்கள். ஒரு நாளும் வலித்தறியாத பற்கள். அவற்றுக்கும் நரம்பை எடுத்து, சுற்றிலும் ராவிச் சிறுக்க வைத்துக் கேப் மாட்டினார்கள். உடைந்த பல்லுக்கும் அன்றே கேப்.

அதற்குப் பத்தாம் நாள் இடது தாடை வீங்கியது. ஈறில் ஒரு கொப்புளம், அமுக்கினால் சீழ்.

முதல் போனுக்கு, "ரூட் கெனால் பண்ணினா கொஞ்ச நாள் வலிக்கும் மேடம், பயப்படாதீங்க." கடிக்கும்போது சில நாள் நோவு இருக்கலாம், அது உண்மை. தாடை வீங்குவதும் சீழ் வருவதும் அந்தக் கணக்கில் வராது. இரண்டாவது போனுக்கு டாக்டர் விடுமுறை. நேரில் போய் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தேன். வேறொரு டாக்டர் வந்து டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார், எக்ஸ்ரே எடுக்கவில்லை. மாத்திரை சாப்பிட்டவரை வீக்கம் வடிந்தது, நிறுத்திய மூன்றாம் நாள் திரும்ப வந்தது. நரம்பு எடுத்த குழாய்க்குள் ரத்த ஓட்டம் இல்லை, அதற்குள் இருக்கும் கிருமியை மாத்திரை எட்டாது. இதுகூட இன்றுதான் எனக்குப் புரிந்தது. மூன்றாவது முறை, "அந்த டாக்டர் இப்ப இந்தக் கிளையில இல்லை." குறுஞ்செய்தி அனுப்பினால், உங்கள் புகார் உரிய குழுவுக்கு அனுப்பப்பட்டது என்று பதில். ஒரே வரி, நான்கு தடவை.

இன்னும் தொடாத நான்கு பல்லுக்கான பணத்தையாவது கொடுங்கள் என்றேன். "பேக்கேஜ் மேடம், பிரிச்சுத் தர முடியாது. நீங்க கையெழுத்துப் போட்டிருக்கீங்க." என் எக்ஸ்ரேயைக் கேட்டேன். சிஸ்டத்தில் இருக்கிறது, வெளியே கொடுக்கும் வழக்கம் இல்லை என்றார்கள். என் வாய், என் பணம், மூன்று மாதச் சம்பளம்.

இன்று ஒரு பல் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போனேன். வயதான ஒரு டாக்டர், கூட இரண்டு மாணவிகள். அவர் வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன்பே கேட்டார்: "வலி தானா வருமா, ஏதாவது பட்டா வருமா? வந்தா எவ்வளவு நேரம் நிக்கும்மா?" முதலில் போன இடத்தில் ஒருவரும் கேட்காத கேள்வி. பிறகு வாய்க்குள் விட்டுப் பார்க்கும் சின்னக் கண்ணாடியின் கைப்பிடியால் ஒவ்வொரு பல்லையும் லேசாகத் தட்டினார். மில்லிமீட்டர் கோடு போட்ட மழுங்கிய கம்பியால் ஈறு ஓரத்தை அளந்தார். பஞ்சு உருண்டையில் குளிர் ஸ்ப்ரே அடித்தார், பஞ்சு உறைபனி பிடித்து வெளுத்துப் போனது. "சில்லுன்னா கையைத் தூக்கு, போனதும் இறக்கு" என்று தொடாமல் விட்ட நான்கு பற்களிலும் வைத்தார். நான்கு முறையும் கை ஏறி உடனே இறங்கியது.

"நாலுலயும் நரம்பு நல்லா இருக்கு. பட்டதும் கூசி உடனே அடங்கினா பிரச்சினை இல்லை. பஞ்சை எடுத்த பிறகும் வலி விடாம இருந்தா நரம்பு கெட்டுப்போச்சு. ஒண்ணுமே தெரியலைன்னா செத்துப் போயிருக்கலாம்." பக்கவாட்டில் கடித்துப் பிடிக்கிற சின்ன எக்ஸ்ரே எடுத்தார். இரண்டு பல்லில் இருப்பது வெறும் கறை. ஒன்றில் எனாமலோடு நிற்கும் ஆரம்பச் சொத்தை, ஃபுளோரைடு பூசிக் கண்காணித்தால் போதும். ஒன்றுக்குச் சின்ன ஃபில்லிங். மொத்தமே சின்ன வேலை.

கேப் போட்ட மேல் பற்கள் இரண்டும் இதே மாதிரி நல்ல பற்களாக இருந்தனவா என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பழைய எக்ஸ்ரே இருந்தால்தான் சொல்ல முடியும் என்றார். நரம்பையும் எடுத்து, பல்லையும் ராவிய பிறகு எதை வைத்துச் சோதிப்பது? அதனால்தான் அந்த எக்ஸ்ரேயைத் தர மறுக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

உடைந்த பல்லின் படத்தையும் காட்டினார். கீழ்க் கடைவாய்ப் பல்லில் வழக்கமாக மூன்று குழாய், சிலருக்கு நான்கு. எனக்கு நான்கு. மூன்றில் வெள்ளைக் கோடாக மருந்து தெரிகிறது, நான்காவதைத் தொடவே இல்லை. வேர் நுனியில் கறுப்பாக ஒரு வட்டம், கிருமியால் எலும்பு அரிக்கப்பட்ட இடம். அதைக்கூடத் திரும்பச் செய்யலாமாம். ஆனால் உள்பக்கச் சுவர் எலும்பு மட்டத்துக்குக் கீழே வரை சொத்தை, அதை முழுக்கச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே கேப்பை உட்கார வைத்திருக்கிறார்கள். "கேப் பிடிச்சு நிக்க ஈறுக்கு மேலே சுத்திலும் 2 மில்லிமீட்டராவது நல்ல பல் வேணும்மா. இவ்வளவு ஆழத்துல இருக்கிறது முதல் நாளே தெரிஞ்சிருக்கும். நரம்பைப் பத்திப் பேசுறதுக்கு முன்னாடி, திரும்பக் கட்டி எழுப்ப இந்தப் பல்லுல மிச்சம் இருக்கான்னு பார்க்கணும்." பல்லை எடுத்துவிடுவதுதான் வழி என்றார்.

விவரமாகச் சொல்வதாக ஆரம்பத்தில் எழுதினேன், கை நடுங்குகிறது, தாடையும் வலிக்கிறது. அவசரமாகச் சில மட்டும். வலிக்கும் பல்லை மட்டும் முதலில் பார்க்கச் சொல்லுங்கள், வலிக்காத பல்லைப் பற்றி இன்னொரு டாக்டரிடம் கேட்காமல் சம்மதிக்காதீர்கள். குளிர் வைத்துச் சோதித்தீர்களா என்று கேளுங்கள். எக்ஸ்ரே எடுத்த அன்றே போனில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். மொத்தப் பணத்தையும் முன்னால் கட்டாதீர்கள், தள்ளுபடி எவ்வளவு சொன்னாலும் சரி. வீக்கத்தோடு காய்ச்சல் வந்தாலோ, விழுங்கவோ மூச்சுவிடவோ வாய் திறக்கவோ கஷ்டமாக இருந்தாலோ பல் டாக்டர் தேதி கொடுக்கக் காத்திருக்க வேண்டாம், பெரிய மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

நாளைக் காலை பத்து மணிக்குப் பல்லை எடுக்கிறார்கள். எடுத்த பல்லையும் கேப்பையும் என்னிடமே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். அதைக் கொண்டுபோய் அந்த வரவேற்பு மேசையில் வைத்து, என் எக்ஸ்ரேயையும் மூன்று மாதச் சம்பளத்தையும் கேட்கப் போகிறேன்.