முதல் சுரத்தை விழுங்கும் ஸ்பீக்கர்: மூன்று வருடம் வாசித்த அனுபவம்

போன வாரம் இங்கே மியான்மரில் மோல்மேன் ஊரிலிருந்து ஒரு தம்பி போனில் கேட்டார். "அண்ணே, நீங்க வச்சிருக்கிற அந்த பத்து இஞ்ச் பவர்ட் ஸ்பீக்கர் இப்ப விலை இறங்கியிருக்கு, கீபோர்டுக்கு வாங்கலாமா?" அவர் கேட்ட நேரத்தில் என்னுடைய இரண்டில் ஒன்று ரிப்பேர் கடையில் இருந்தது. கோபம் தணிந்த பிறகு எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன், இன்னும் முழுசாகத் தணியவில்லை. பவர்ட் ஸ்பீக்கர் என்றால் ஆம்ப் உள்ளேயே இருக்கும் பெட்டி. கம்பெனிப் பெயரைச் சொல்லப்போவதில்லை, இந்த விலையில் வரும் பல பெட்டிகளுக்கு இதே குணம் உண்டு.

முதலில் நல்லது. யாங்கூனில் கரண்ட் எப்படி என்று தெரியும். சில மணி நேரம் வரும், சில மணி நேரம் போகும், சில நாள் அந்தக் கணக்கும் கிடையாது. கோயிலில் ஜெனரேட்டர், கல்யாண வீட்டில் பாட்டரி இன்வர்ட்டர், தெருக்கோடி வீடுகளில் சாயங்காலம் 180 வோல்ட்டுக்கு இறங்கிவிடும். என்னிடம் முன்பு இருந்த டிரான்ஸ்பார்மர் வைத்த கனமான ஆம்ப், விளக்கு மங்கும்போது தானும் மங்கி, சத்தம் கிழிய ஆரம்பிக்கும். இந்தப் பெட்டிக்குள் இருப்பது 100 முதல் 240 வோல்ட் வரை தாங்கும் பவர் சப்ளை. மார்கழி பஜனையில் ட்யூப்லைட் துடித்துக்கொண்டிருக்கும், கீபோர்டு சத்தம் மட்டும் அசையாது. எடையும் பன்னிரண்டு கிலோவுக்குள்தான், சைக்கா (மூன்று சக்கர சைக்கிள் வண்டி) பின்னால் இரண்டையும் போட்டுக்கொண்டு போய்விடலாம்.

சத்தத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அட்டையில் போட்டிருக்கும் 1000 வாட் கண நேர உச்சத்துக்கான கணக்கு, அதை நம்பி மைதானத்துக்குப் போகாதீர்கள். இருநூறு பேர் உட்காரும் மண்டபத்துக்குப் போதும். பியானோவின் கடைசி இடது கட்டை 27.5 ஹெர்ட்ஸ், பத்து இஞ்ச் கோன் அவ்வளவு கீழே போகாது, ஆனால் பஜனையில் அந்தக் கட்டையை யார் தொடுகிறார்கள்? ஒரு பெட்டி மட்டும் எடுத்துப்போனால் கீபோர்டின் இடது/மோனோ ஓட்டையில் மட்டும் ஜாக்கைச் செருகுங்கள். ஸ்டீரியோ பியானோவின் இரண்டு பக்கத்தையும் வெளியே ஒய் கேபிளில் சேர்த்தால் தகரக் குழாய்க்குள் வாசித்த மாதிரி ஆகிவிடும்.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். இந்தப் பெட்டி தூங்கும்.

இருபது நிமிடம் சிக்னல் வராவிட்டால் தானாக அணைந்துகொள்ளும். ஐரோப்பாவில் விற்கும் வீட்டு மின்சாதனங்கள் சும்மா கிடந்தால் அரை வாட்டுக்குக் கீழே இறங்க வேண்டும் என்று 2013 முதல் விதி உண்டு, அதையொட்டிப் பரவிய வசதி. வீட்டில் பாட்டுக் கேட்பவருக்கு நல்லதுதான். கோயிலில் அர்ச்சனை இருபத்தைந்து நிமிடம் நடக்கும். ஞாயிற்றுக்கிழமை நான் வாசிக்கும் சபையில் பிரசங்கம் நாற்பது நிமிடம். அது முடிந்து எல்லோரும் கண்மூடி அமைதியாக நிற்கும்போது மெல்ல ஒரு சுரம் தொட வேண்டும். தொடுவேன், வராது. கட்டையை அழுத்தியபடியே இருந்தால் ஒன்றரை நொடி கழித்து உள்ளே 'டொப்' என்று ஒரு சத்தம், பிறகு சுரத்தின் வால் மட்டும் கேட்கும்.

போன தைமாதக் கல்யாணத்தில் பாட வந்த அம்மா ஐந்தரைக் கட்டை சுருதி கேட்டு, கண்ணை மூடிக் காத்திருந்தார். அதற்கான ஜி ஷார்ப்பை அழுத்தினேன். அமைதி. அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துவிட்டு, தானாக ஒரு சுருதியில் ஆரம்பித்துவிட்டார். பெட்டி விழித்தபோது நானும் அவரும் அரைக் கட்டை தள்ளி இருந்தோம். அந்த அம்மா எதுவும் சொல்லவில்லை. எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

ஒரு வருடம் கழித்துத்தான் வழி தெரிந்தது. இந்த மாடலில் தூக்கத்தைக் கலைப்பது உள்ளே வரும் சிக்னல், பின்னால் இருக்கும் வால்யூம் திருகு இல்லை. அதனால் கீபோர்டு வால்யூமை முக்கால்வாசிக்கு ஏற்றி, ஸ்பீக்கர் திருகைப் பாதிக்குக் கீழே வைத்தேன், 'சீ' என்ற இரைச்சலும் கூடவே குறைந்தது. அப்புறம் இரண்டாவது சேனலில் போனைச் செருகி, தம்பூரா சுருதியைச் சன்னமாக ஓடவிட்டேன். பெட்டி தூங்குவதில்லை, பாடுகிறவர்களுக்கும் சுருதி காதிலேயே இருக்கிறது. ஆனால் சபையில் தம்பூரா போட முடியாது. அங்கே பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை யாருக்கும் கேட்காத அளவில் ஒரு கட்டையைத் தொட்டுக்கொண்டே பிரசங்கம் கேட்கிறேன்.

ரிப்பேர் ஜெனரேட்டரால் வந்தது. ஸ்பீக்கர் ஆனில் இருக்கும்போதே ஜெனரேட்டரை இழுத்து ஸ்டார்ட் செய்துவிட்டார்கள், வோல்ட் எகிறி ஃபியூஸ் போயிற்று. அதில் பெட்டியைக் குறை சொல்ல மாட்டேன்.

தம்பிக்கு என் பதில்: வாங்காதீர்கள். அந்த ஒரு ஃபியூஸைத் தவிர மூன்று வருடத்தில் கரண்ட் காரணமாக நிற்காத பெட்டி, இந்த விலைக்கு வேறு எதுவும் இப்படித் தாக்குப்பிடித்ததில்லை, அப்படியும் சொல்கிறேன், வாங்காதீர்கள். கடைக்குப் போனால் பெட்டியைத் திருப்பி, பின்பக்கம் தூக்கத்தை நிறுத்த ஒரு சின்ன சுவிட்ச் இருக்கிறதா என்று பாருங்கள். புது மாடல் சிலவற்றில் இருக்கிறது. இருந்தால் எனக்கும் ஒரு ஜோடி எடுத்து வையுங்கள், பணம் அனுப்புகிறேன்.