உப்புச் சாலக மாதிரிப் பெட்டி: பந்துகள் சரி, குச்சிதான் பிரச்சினை

கோண்டாவிலில் வீட்டு விறாந்தையில் தரம் 10, 11 பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் படிப்பிக்கிறேன். இரசாயனப் பிணைப்பு தொடங்கினால் எல்லோரும் ஒரே வசனத்தோடுதான் வருவார்கள்: சோடியம் ஓர் இலத்திரனைக் கொடுக்கும், குளோரீன் வாங்கும், இரண்டும் உறுதியடையும். சோதனையில் அதற்குப் புள்ளி விழும், மறுக்கவில்லை. ஆனால் அந்த வசனத்தோடு நின்றுவிடும் பிள்ளை, உப்பு ஏன் கட்டியாக இருக்கிறது என்று கேட்டால் முழிக்கும். அதற்காகத்தான் டவுனில் ஒரு புத்தகக் கடையில் 4,800 ரூபா கொடுத்து, உப்பின் சாலகத்தை, அதாவது துணிக்கைகள் ஒழுங்காக அடுக்கியிருக்கும் விதத்தை, பூட்டிக் காட்டும் இந்தப் பெட்டியை வாங்கினேன்.

உள்ளே சாம்பல் நிறத்தில் 13 பந்து, பச்சையில் 14, பூட்டுவதற்கு 54 பிளாஸ்ரிக் குச்சி. சாம்பல் சோடியம், பச்சை குளோரீன். பூட்டி முடித்தால் ஒரு சாண் உயரத்தில் சதுரமுகி ஒன்று நிற்கும். மூலைகளில் பச்சை, நட்டநடுவில் ஒரு சாம்பல்.

அந்த நடுப் பந்துதான் பெட்டியின் பெறுமதி. பூட்டிக்கொண்டிருந்த பெடியன் ஒருவன் கையை நிறுத்திவிட்டுக் கேட்டான்: "ரீச்சர், சோடியம் ஒரு இலத்திரனைத்தானே குடுத்தது, பிறகேன் இதில ஆறு குச்சி?"

கரும்பலகையில் புள்ளியும் புள்ளடியும் போட்டுக் கீறும்போது இப்படி ஒரு கேள்வி வராது. அங்கே ஒரு சோடியத்துக்கு ஒரு குளோரீன், அம்புக்குறி ஒன்று, கதை முடிந்தது. உண்மையில் இலத்திரன் போன பிறகு மிஞ்சுவது நேரேற்றமுள்ள ஓர் அயன், அதாவது ஏற்றம் பெற்ற அணு. அதன் இழுவை எல்லாத் திசைக்கும் ஒரேயளவாகப் போகும். அது தன் இலத்திரனை வாங்கியது எது என்று தேடுவதில்லை. சுற்றி இடமிருக்கும் அளவுக்கு எதிரேற்ற அயன்கள் வந்து அண்டும், உப்பில் அது ஆறு. ஒவ்வொரு குளோரைட்டு அயனைச் சுற்றியும் அதேபோல ஆறு சோடியம்.

கொஞ்சம் கெட்டிக்காரப் பிள்ளைகள் என்றால் கணக்கையும் காட்டிவிடுவேன், ஓ.எல்லுக்குத் தேவையில்லாவிட்டாலும். வாயு நிலையில் ஒரு மூல் சோடியம் அணுக்களிலிருந்து இலத்திரனைப் பிடுங்க 496 கிலோயூல் செலவாகும். மனமுவந்து கொடுக்கிறதாம்! அதைக் குளோரீன் அணுக்கள் வாங்கும்போது திரும்பக் கிடைப்பது 349 கிலோயூல்தான். 147 துண்டு விழுகிறது. இத்தனைக்கும் இலத்திரன் அடுக்கில் சோடியம் நேயன் மாதிரி 2, 8 ஆகிவிட்டது, குளோரீன் ஆகன் மாதிரி 2, 8, 8 ஆகிவிட்டது. வெளி ஓட்டில் எட்டு நிரம்பியும் கணக்கு நட்டத்தில்தான் நிற்கிறது. அந்த அயன்கள் நெருங்கிவந்து சாலகமாக அடுக்கும்போதுதான் மூலுக்கு 787 கிலோயூல் வெளியேறி நட்டத்தை அடைத்து மிச்சமும் வைக்கிறது. உப்பை உருக்க 801 பாகை செல்சியஸ் வேண்டியிருப்பதும் இதனால்தான். மேசையில் சதுரமுகி நிற்கும்போது இதைச் சொன்னால் ஏறுகிறது. வெறும் பலகையில் சொன்னபோது கொட்டாவிதான் விட்டார்கள்.

இனிக் குறைகள். முதலாவது, உள்ளே வைத்திருக்கும் விளக்கத் தாள். ஆங்கிலத்தில் மட்டும் இருப்பதைக்கூடப் பொறுக்கலாம். ஒரு சாம்பல், ஒரு பச்சைச் சோடியைப் படம் போட்டு அதை "உப்பு மூலக்கூறு" என்கிறது. பௌதிகவியலாளர் லோரன்ஸ் பிராக் 1913இலேயே எக்ஸ் கதிரால் இந்த அடுக்கைக் கண்டு சொல்லிவிட்டார், உப்புப் பளிங்குக்குள் தனி மூலக்கூறு என்று ஒன்று இல்லை. அதை ஏற்க முடியாமல் ஹென்றி ஆம்ஸ்ட்ரோங் என்ற இரசாயனவியலாளர் 1927இலும் நேச்சர் சஞ்சிகைக்குக் கோபக் கடிதம் எழுதினார். இந்தத் தாளைப் பார்த்திருந்தால் மனுசன் சந்தோசப்பட்டிருப்பார். நான் கிழித்துப் போட்டுவிட்டேன்.

இரண்டாவது, பந்துகள் எல்லாம் ஒரே பருமன். சோடியம் அயனின் ஆரை சுமார் 0.102 நனோமீற்றர், குளோரைட்டினுடையது 0.181. பச்சை கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பெரிதாக இருக்க வேண்டும், இரண்டும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டும் இருக்க வேண்டும். இடையில் இருக்கும் வெளியைப் பார்த்துவிட்டு "அங்க காத்தோ ரீச்சர்?" என்று கேட்காத பிள்ளை இல்லை.

குச்சிகள் படு மோசம். பூட்டிக் கழற்றும்போது நுனி துளைக்குள்ளேயே முறிந்து நிற்கிறது. கடையில் கேட்டால் தனியாகக் குச்சி வராதாம். இப்போது பாதிக் குச்சிகள் ஈர்க்குத்தான், பிள்ளைகளே அளவாக நறுக்கிச் செருகிவிட்டார்கள். ஒருவிதத்தில் நல்லது, ஈர்க்கைப் பார்த்து அதுதான் பிணைப்பு என்று யாரும் நினைக்கப்போவதில்லை.

பெட்டியில் சொல்லாத ஒரு உபயோகம் உண்டு. மேல் அடுக்கைக் கீழ் அடுக்கோடு இணைக்கும் குச்சிகளை மட்டும் கழற்றிவிட்டு, அதைப் பக்கவாட்டில் அடுத்த பந்தின் இடம்வரை தள்ளுங்கள். பச்சைக்கு மேல் பச்சை, சாம்பலுக்கு மேல் சாம்பல் வந்து நிற்கும். ஒத்த ஏற்றங்கள் தள்ளும், அடுக்கு பிரியும். பிறகு ஒரு கட்டி உப்பைக் கொடுத்துக் கத்தி முனையை வைத்து மெல்லத் தட்டச் சொல்லுங்கள். உடைந்த துண்டுகளைக் கைவில்லையால் பார்த்தால் தட்டையான முகங்களும் நேர் விளிம்புகளும் தெரியும்.

நீர், மெதேன் எல்லாம் செய்யலாம் என்று நினைத்து இதை வாங்காதீர்கள். துளைகள் செங்கோணத்தில்தான் இருக்கின்றன, அணுக்கள் இலத்திரனைப் பங்கிட்டுக்கொள்ளும் பங்கீட்டு வலுப் பிணைப்புக்கு வேறு பெட்டிதான் வேண்டும். தனியாக ஒரு பிள்ளைக்கு வாங்குவதென்றால் விலை கூட, வகுப்புக்கு என்றால் தாராளமாக வாங்கலாம். காசு கொடுக்குமுன் கடையிலேயே திறந்து, ஒரு குச்சியை நாலைந்து பந்துகளில் செருகிக் கழற்றிப் பாருங்கள். எனக்கு வந்ததில் மூன்று பந்துகளுக்கு ஆறாவது துளையே இருக்கவில்லை.