லண்டன் சரக்கா, உள்ளூர்த் தயாரிப்பா: பிராட்வேயில் ஒரே நாடகம் இரண்டு முறை

லண்டனில் பேர் வாங்கிய ஒரு பழைய நாடகம் அதே இயக்குநர், அதே முக்கிய நடிகர்களோடு நியூயார்க்கின் நாடக வட்டாரமான பிராட்வேக்கு வருகிறது என்று அறிவிப்பு வந்தால் போதும், ரசிகர்கள் இரண்டு கட்சியாகிவிடுவார்கள். 'எப்போது டிக்கெட்?' என்று ஒரு கட்சி கேட்கும். 'நம்மூர் நாடகத்தை அங்கிருந்து ஏன் இறக்குமதி செய்ய வேண்டும்?' என்று மற்றது கேட்கும். 2015-ல் அமெரிக்க நாடகாசிரியர் ஆர்தர் மில்லரின் 'எ வியூ ஃப்ரம் தி பிரிட்ஜ்' வந்தபோது இரண்டாவது கேள்விக்குக் கூடுதல் நியாயம் இருந்தது. காரணம், வெறும் ஐந்து வருஷத்துக்கு முன்னால்தான் அதே நாடகம் பிராட்வேயில் நன்றாக ஓடி முடிந்திருந்தது.

கதை நியூயார்க்கின் ரெட் ஹுக் துறைமுகப் பக்கம் நடக்கிறது. எடி கார்போன் கப்பலில் சரக்கு இறக்கும் தொழிலாளி. மனைவி பியாட்ரிஸின் சகோதரி மகள் கேத்தரினை அவன்தான் வளர்க்கிறான். இத்தாலியிலிருந்து பியாட்ரிஸின் சொந்தக்காரர்கள் மார்கோவும் ரொடால்ஃபோவும் திருட்டுத்தனமாக வந்து அந்த வீட்டில் தங்குகிறார்கள். கேத்தரினுக்கு ரொடால்ஃபோவைப் பிடித்துப்போகிறது. எடியால் அதைத் தாங்க முடியவில்லை. ஏன் தாங்க முடியவில்லை என்பதை அவனால் தனக்குத்தானே கூடச் சொல்லிக்கொள்ள முடியவில்லை. நாடகமே அதுதான்.

2010 தயாரிப்பு கோர்ட் தியேட்டரில் நடந்தது. கிரெகரி மோஷர் இயக்கம், எடியாக லீவ் ஷ்ரைபர், கேத்தரினாக ஸ்கார்லெட் ஜோஹான்சன். சினிமா நட்சத்திரத்தை வைத்து டிக்கெட் விற்கப் பார்க்கிறார்கள் என்ற முணுமுணுப்பு முதலில் இருந்தது. ஆனால் ஜோஹான்சன் அந்த வேஷத்துக்கே பிராட்வேயின் பெரிய விருதான டோனியை வாங்கினார். செங்கல் குடியிருப்பு, ஐம்பதுகளின் உடைகள் என்று எல்லாம் மில்லர் எழுதிய காலத்திலேயே நின்றன. நாடகத்தை முதன்முறையாகப் பார்க்கிறவருக்கு இதைவிடத் தெளிவான வழி கிடையாது. அந்த வருஷம் சிறந்த மறு அரங்கேற்றத்துக்கான டோனி இதற்குக் கிடைக்கவில்லை, 'ஃபென்சஸ்' நாடகம் தட்டிச் சென்றது.

இப்போது லண்டன் கதை. பெல்ஜியக்காரர் இவோ வான் ஹோவ 2014-ல் யங் விக் அரங்கில் இதை இயக்கினார். செங்கல் சுவர் இல்லை, சமையலறை இல்லை. யான் வெர்ஸ்வைவெல்ட் வடிவமைத்த வெறும் மேடை, சுற்றிலும் பெட்டி போல ஓர் அடைப்பு. நாடகம் தொடங்கும்போது அது மேலே போகிறது. உள்ளே எடியும் சக தொழிலாளியும் உடம்பைக் கழுவிக்கொண்டிருக்கிறார்கள். நடிகர்களுக்குச் செருப்பு கிடையாது, நாடகத்துக்கு இடைவேளையும் கிடையாது. இறந்தவர்களுக்கான தேவாலய இசையான ஃபோரேயின் 'ரெக்வியம்' ஒலிக்கிறது. முடிவில் எல்லாரும் ஒருவர் மேல் ஒருவராகப் பின்னிக் கிடக்க, மேலிருந்து ரத்தம் மழையாகக் கொட்டுகிறது.

இத்தனைக்கும் நடுவில் எனக்கு முக்கியமாகப் படுவது ஒரு சின்ன விஷயம். எடி வீட்டுக்கு வந்ததும் கேத்தரின் (ஃபீபி ஃபாக்ஸ்) அவன் மேல் தாவி ஏறி, இடுப்பைச் சுற்றிக் கால்களைப் பின்னிக்கொள்கிறாள். சிறு பிள்ளை செய்கிற காரியம்தான். ஆனால் அவள் இப்போது சிறு பிள்ளை இல்லை. பியாட்ரிஸுக்கு அது தெரிகிறது, நமக்கும் தெரிகிறது, அவர்கள் இருவருக்கு மட்டும் தெரியவில்லை. பக்கம் பக்கமாக வசனம் பேசிப் புரியவைக்க வேண்டியது அந்த ஒரு தாவலில் முடிந்துவிடுகிறது. 2010-ல் நட்சத்திரங்கள் நன்றாகத்தான் நடித்தார்கள். ஆனால் அது 'ஐம்பதுகளில் ஒரு குடும்பம்' என்ற தூரத்திலேயே இருந்தது. வான் ஹோவ அந்தத் தூரத்தை எடுத்துவிட்டார். என் ஓட்டு லண்டனுக்கே.

சரி, ரசிகர்கள் பயந்தது எதற்கு? அரங்கத்துக்குத்தான். யங் விக்கில் பார்வையாளர்கள் மேடையின் மூன்று பக்கமும் உட்கார்ந்திருந்தார்கள். பிராட்வேயில் கிடைத்த லைசியம் 1903-ல் கட்டிய, எல்லாரும் ஒரே திசையில் பார்க்கிற பழைய பாணி அரங்கு. அங்கே இந்த நெருக்கம் செத்துவிடும் என்ற கவலை சரியானதுதான். அதற்காகத்தான் மேடை மேலேயே இரண்டு பக்கமும் இருக்கைகள் போட்டார்கள். என் கணிப்பில் இந்தத் தயாரிப்புக்கு உண்மையான இருக்கை அதுதான். மேல் மாடியிலிருந்து ரத்த மழை தெரியும், எடியின் முகம் தெரியாது.

இன்னொரு குறை, எல்லா நடிகர்களும் கடல் தாண்டி வரவில்லை. எடியாக மார்க் ஸ்ட்ராங், பியாட்ரிஸாக நிக்கோலா வாக்கர், கேத்தரினாக ஃபாக்ஸ் மூவரும் வந்தார்கள். ரொடால்ஃபோவாக ரஸ்ஸல் டோவியும் மார்கோவாக மைக்கேல் ஸெகனும் புதிதாகச் சேர்ந்தார்கள். எடியும் பெண்கள் இருவரும் மாறாதவரை இது பெரிய இழப்பில்லை. வந்து கலைத்துப் போடுகிறவர்கள் புதுமுகமாக இருப்பது கதைக்கும் பொருந்துகிறது.

2015 மார்ச்சில், மேடை நாடகங்களைப் படம்பிடித்து சினிமா அரங்குகளுக்கு அனுப்பும் நேஷனல் தியேட்டர் லைவ் இதைத் திரையரங்குகளிலும் காட்டியது. முகங்கள் அருகில் கிடைத்தன, செலவும் குறைவு. ஆனால் யாரைப் பார்ப்பது என்பதைக் கேமராதான் முடிவு செய்கிறது. கேத்தரின் தாவும்போது பியாட்ரிஸைப் பார்க்க நினைப்பவருக்கு இது சரிப்படாது.

லைசியத்தில் 2015 நவம்பர் முதல் 2016 பிப்ரவரி வரை ஓடியது. சிறந்த மறு அரங்கேற்றம், சிறந்த இயக்கம் இரண்டுக்கும் டோனி கிடைத்தது. அடுத்த லண்டன் நாடகம் வருகிறது என்று செய்தி வந்தால், நடிகர் பட்டியலுக்கு முன்னால் எந்த அரங்கு என்று பாருங்கள். அப்புறம் மேடை மேல் இருக்கை உண்டா என்று கேளுங்கள்.